டீம் 2-இன் சிவப்புப் பட்டை

சுவரில் விழுந்த படத்தில் நான்கு பட்டைகள் இருந்தன. மூன்று பச்சை, ஒன்று சிவப்பு. சிவப்புதான் எல்லாவற்றிலும் நீளம். அதன் பக்கத்தில் 'டீம் 2' என்று எழுதியிருந்தது. டீம் 2 என்றால் என் வீட்டுக்காரரும் அவரோடு வேலை செய்கிற ஐந்து பேரும்.

"ஒரு புகார் வந்ததுலேர்ந்து அதை மூடற வரைக்கும் சராசரி நேரம் இது" என்றார் மேனேஜர். "டீம் ஒண்ணு ஒன்றரை மணி நேரம். டீம் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல. நாலு டீமை மூணாக்கணும்னு முதலாளி மேடம் சொல்லியிருக்காங்க. ஆறு வாரம் கழிச்சு மேடம் கூட்டம். அதுல முடிவாகும்."

எது முடிவாகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, கண் எதிரே சிவப்பாக எரிந்துகொண்டிருந்ததே!

எங்களுடையது லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனி. ஊரில் எங்கே எங்கள் லிஃப்ட் நின்றாலும் முதலில் என் மேஜையில்தான் மணி அடிக்கும். பதினாறு வருஷமாக நான்தான் போன் எடுக்கிறேன். பெற்றவர்கள் வைத்த பெயர் மறைந்து 'போனக்கா' என்பதே பெயராகிவிட்டது. புகாரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் பதிவேன். அந்தப் பகுதி டீமுக்குச் சொல்வேன். அவர்கள் போய்ச் சேர்ந்ததாகச் சொன்னதும் அந்த நேரத்தைக் குறிப்பேன். அவர்கள் வேலை முடிந்தது என்று போனில் சொன்னதும் புகாரை மூடுவேன். எங்கள் ஆபீசில் ஒரு புகார் முடிவது அந்த ஒரு போனில்தான்.

அந்தப் போன் எப்போது வருகிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. டீம் 1-இன் தலைவருக்குப் பெயர் மின்னல். போவார், சுவிட்சை அணைத்துப் போடுவார், லிஃப்ட் நகரும். "அக்கா, முடிஞ்சது, மூடுங்க" என்பார். என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ் வைத்த பெயர் நிதானம். அவர் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்காமல் அங்கிருந்து நகரமாட்டார். கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகும் கீழிருந்து மேல், மேலிருந்து கீழ் என்று இருபது தடவை ஓட்டிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் எனக்குப் போன். மின்னல் மூடின லிஃப்டுக்கு நாலு நாளில் மறுபடி மணி அடிக்கும். நான் அதைப் புதுப் புகார் என்று பதிவேன். அதையும் அவர் அரை மணியில் மூடுவார். ஒரே லிஃப்டை மூன்று தடவை மூடினால் மூன்று பச்சைப் புள்ளி! என்ன அநியாயம் பாருங்கள்.

கூட்டம் கலைந்ததும் மேனேஜரிடம் இதைச் சொன்னேன். அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டே கேட்டார்.

"நீங்க சொல்றது உங்க மனசுல படறதும்மா. இது டேட்டா. மேடம் முன்னாடி எதை வைக்க முடியும்?"

"அந்த டேட்டாவை ஒவ்வொரு வரியா அடிச்சதே நான்தான் சார்."

"அடிச்சது சரி. அதை வெச்சு ஒரு படம் போட்டுக் காட்டுங்க, பார்க்கலாம்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. திட்டினாலும் பரவாயில்லை, ஏளனமாகச் சிரித்தால் எனக்குத் தாங்காது. ஆபீசில் சனிக்கிழமை காலைகளில் சார்ட் போடுகிற மென்பொருளுக்கு வகுப்பு நடப்பதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். போய் என் பெயரை எழுதினேன். மூன்று பேர்தான் எழுதியிருந்தார்கள். மூவருடைய வயதையும் கூட்டினால்கூட என்னைவிடக் கொஞ்சம்தான் அதிகம் வரும்.

வீட்டில் சொன்னதற்கு அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்காக யார்கிட்டயும் போய் நிக்காதே."

"யாரு போய் நிக்கறா? படிக்கப் போறேன்."

"நாப்பத்தெட்டு வயசுல?"

"உங்க டீம்ல ஆறு பேருக்கும் அம்பதைத் தாண்டிடுச்சு. வேலை போனா யாரு கூப்பிட்டு வெச்சுப்பா? அதுக்கு நாப்பத்தெட்டுல படிக்கறது ஒண்ணும் கேவலமில்ல."

பதில் இல்லாவிட்டால் அவர் தண்ணீர் குடிப்பார். அன்றைக்கு இரண்டு டம்ளர் குடித்தார்.

வகுப்பு எடுத்தது போன வருஷம் சேர்ந்த சின்னப் பெண். அந்தச் சிவப்புப் பட்டையைப் போட்ட புண்ணியவதியே அவள்தான். அவளைச் சார்ட்டம்மா என்போம். முதல் நாள் அவள்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதிப் பாடம் காதில் ஏறவில்லை. மீதிப் பாதி அவள் பேசிய வேகத்தில் ஏறவில்லை. "இதை இங்க இழுங்க, அதை அங்க விடுங்க, வந்துடுச்சா?" என்பாள். மற்ற மூவருக்கும் வந்துவிடும். எனக்கு வெள்ளைத் திரைதான் வரும்.

என் முதல் சார்ட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எந்தக் கட்டடத்தில் எத்தனை புகார் என்று வட்டமாகப் போட்டேன். நூற்றெழுபது கட்டடம், நூற்றெழுபது துண்டு. துண்டுக்கு ஒரு நிறம், அதன் மேல் ஒன்றோடொன்று மோதிக்கொள்கிற எழுத்து. கம்ப்யூட்டருக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது.

"அக்கா, இதைப் பார்க்கறவங்களுக்கு என்ன தெரியணும்னு நினைக்கறீங்க?" என்று சார்ட்டம்மா கேட்டாள்.

"எல்லாம் தெரியணும்."

"எல்லாத்தையும் சொன்னா ஒண்ணும் தெரியாது. ஒரே ஒரு கேள்வி சொல்லுங்க."

யோசிக்கவே தேவையில்லை. "சரிபண்ணின லிஃப்ட் பத்து நாளைக்குள்ள மறுபடி நின்னுச்சா, இல்லையா?"

"நல்ல கேள்விக்கா. இதை யாரும் என்கிட்ட கேக்கல" என்றாள். அவள்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் பாதி இறங்கிவிட்டது. கேட்டதைத்தானே அவள் போட்டாள்? தப்பான கேள்வியைக் கேட்டது மேனேஜர்.

அதற்கப்புறம் வெறி பிடித்தவள் மாதிரி கற்றுக்கொண்டேன். காலையில் மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆபீசுக்குப் போய்விடுவேன். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு படியையும் எழுதி வைத்தேன். எந்தப் பொத்தான், எந்த மூலை, தப்பாகப் போனால் எதை அழுத்தித் திரும்ப வேண்டும் என்று வரைந்துகூட வைத்தேன். ஒரு கட்டத்தைத் தொட்டால் பக்கம் முழுக்க அந்த டீமின் விவரமாக மாறுகிற வித்தை மூன்றாவது வாரம் கைவந்தது. டீம் 3-ஐத் தொட்டேன், எல்லாம் மாறியது. டீம் 4-ஐத் தொட்டேன், மறுபடி மாறியது. யாருமில்லாத ஆபீசில் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். வெட்கமாக இல்லை, உண்மையைச் சொன்னால் கர்வமாக இருந்தது.

நாலாவது வாரம் பதில் வந்துவிட்டது. நூறு புகாரில் டீம் 1-க்கு அறுபது திரும்பி வந்திருந்தது. டீம் 2-க்கு வெறும் பன்னிரண்டு. துள்ளிக் குதித்துச் சார்ட்டம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவள் குனிந்து பார்த்தாள். மௌஸை வாங்கி எதையோ தொட்டாள். அவள் முகம் சுருங்கியது.

"அக்கா, இந்த ஆஸ்பத்திரியில எத்தனை லிஃப்ட்?"

"அஞ்சு."

"நீங்க கட்டடத்தை வெச்சு எண்ணியிருக்கீங்க. திங்கக்கிழமை ஒரு லிஃப்ட் நிக்குது, புதன்கிழமை வேற லிஃப்ட் நிக்குது. இதுல அது ரெண்டும் ஒண்ணுன்னு எண்ணுது. மேடம் முதல்ல இதைத்தான் கேப்பாங்க."

தலையில் யாரோ தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது. லிஃப்ட் எண்ணை வைத்து எண்ண வேண்டும். அந்த எண் எங்கே? லிஃப்ட் எண் என்று ஒரு கட்டம் எங்கள் புகார்த் திரையில் இருக்கத்தான் இருக்கிறது. பதினாறு வருஷமாக அதில் எண்ணைப் போடாமல் போனில் கேட்டதைக் கேட்டபடி அடித்துவைத்த மகராசி நான்தான்! 'பெரிய லிஃப்ட்'. 'டாக்டர் ரூம் பக்கம்'. 'கண்ணாடி உடைஞ்சது'. 'இடது பக்கம்', யாருக்கு இடதோ. ஒரு வரியில் 'வழக்கம்போல அதேதான்' என்று இருந்தது. அதைப் படித்துவிட்டுச் சார்ட்டம்மா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே!

"இதை எந்த மென்பொருளாலயும் பிரிக்க முடியாதுக்கா" என்றாள்.

"என்னால முடியும்" என்றேன்.

வீம்புக்குச் சொல்லவில்லை. அந்தக் கட்டடங்களின் காவலாளிகளை எல்லாம் எனக்குக் குரலை வைத்தே தெரியும். டாக்டர் ரூம் பக்கம் என்று சொல்வது ஆஸ்பத்திரியின் காலை நேர நர்ஸ், அவர் சொல்வது மூன்றாம் எண். 'வழக்கம்போல அதேதான்' என்பது துணிக்கடைக் கட்டடத்தின் பின்பக்க லிஃப்ட், அதற்கு மட்டும் மூன்று மாதத்தில் பதினோரு தடவை மணி அடித்திருந்தது. மூன்று மாதத்து ஆயிரத்து நூற்று நாற்பது புகாரில் ஒரே லிஃப்ட் உள்ள கட்டடங்களைத் தள்ளினால் மிச்சம் அறுநூற்றுப் பன்னிரண்டு வரி. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையால் சாப்பிட்டு, மறு கையால் ஒவ்வொன்றாக எண் போட்டேன். சந்தேகம் வந்த இடத்தில் போன் போட்டுக் கேட்டேன். "என்னக்கா, எப்பவும் நாங்கதானே கூப்பிடுவோம்?" என்று ஆச்சரியப்பட்டார்கள். புதுப் புகார்களில் ஒழுங்காக எண்ணைக் கேட்டு வாங்கவும் ஆரம்பித்தேன்.

எல்லாம் முடிந்து பார்த்தபோது என் அறுபது முப்பத்து நாலாகச் சுருங்கியிருந்தது. டீம் 3-க்கு இருபத்தொன்று, டீம் 4-க்குப் பதினெட்டு. டீம் 2-க்கு ஒன்பது. சுருங்கியதில் முதலில் கொஞ்சம் மனசு வாடியது. பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்த ஒன்பதை இனி யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கட்டும், அசையாது.

ஆனால் எண் ஒழுங்கானதில் இன்னொன்றும் வெளியே வந்தது. புகார் வந்து எவ்வளவு நேரத்தில் ஆள் போய்ச் சேர்கிறார்கள் என்பதில் டீம் 2 கடைசி. முந்தைய இடத்தில் இருபது தடவை ஓட்டிக்கொண்டிருப்பதால் அடுத்த இடத்தில் ஒருவர் வாசலில் காத்திருக்கிறார். நாலு தடவை லிஃப்டுக்குள்ளேயே ஆள் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் இருந்திருக்கிறார்கள். அந்த நாலு பேரின் அழைப்பும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு அம்மா அழுதார்.

அதையும் ஒரு சார்ட்டாக வைப்பதா, விடுவதா? யாரும் கேட்கவில்லையே, விட்டுவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டில் அவரிடம் எரிந்து விழுந்தேன்.

"ஆள் உள்ள மாட்டிக்கிட்டா ஓட்டிப் பார்க்கறதை ஒருத்தர்கிட்ட விட்டுட்டு மத்தவங்க ஓடக் கூடாதா? ஆறு பேரும் சேர்ந்து அந்த லிஃப்டுக்குக் காவலா? இதையும் நான் சார்ட்டுல போடணுமா?"

அவர் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தினார்.

"அது எங்க தப்புதான்" என்றார். "போட்டுடு."

"போட்டு உங்க டீம் போயிடுச்சுன்னா?"

"மறைச்சுப் பிழைச்சா நாளைக்கு எந்த லிஃப்டுல கை வெக்க எனக்கு மனசு வரும்? போட்டுடு."

இந்த மனுஷனோடு இருபத்து நாலு வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் கையிலிருந்த சட்டையை வாங்கி நானே மடித்தேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

கூட்டத்து நாள் வந்தது. நீள மேஜை, பத்து நாற்காலி, சுவரில் வெள்ளைத் திரை. தலைமாட்டில் முதலாளியம்மா. அவர் அப்பா தொடங்கிய கம்பெனி, அவர் சின்ன வயதில் மோட்டார் ரூமில் எண்ணெய் டப்பா பிடித்தவர். சும்மா பூசி மெழுக முடியாது. மேனேஜர் தன் சிவப்புப் பட்டையைக் காட்டி முடித்தார். "போனக்காவும் ஏதோ பண்ணியிருக்காங்களாம்" என்று என் பக்கம் கையைக் காட்டினார். உட்காரும்போது குரலைத் தாழ்த்தாமலே சேர்த்துக்கொண்டார். "ஒரு விஷயம் மேடம், டீம் ரெண்டோட தலைவர் இவங்க வீட்டுக்காரர்."

மேஜையைச் சுற்றி எல்லோர் முகமும் என் பக்கம் திரும்பியது. எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்திருப்பார். அந்தக் கோபம் முந்தைய வாரமே, இதை யாராவது சொல்வார்கள் என்று நினைத்தபோதே, வந்து முடிந்திருந்தது.

"ஆமா மேடம், உண்மைதான்" என்றேன். "அதனாலதான் பேரை எடுத்துட்டேன்."

திரையில் நான்கு கட்டங்கள் வந்தன. அ, ஆ, இ, ஈ என்று மட்டும் இருந்தது. வரிசையையும் கலைத்துவைத்திருந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் கோடு கோடாக லிஃப்டுகள். ஒரு புகாருக்கு ஒரு புள்ளி, பத்து நாளுக்குள் திரும்பி வந்திருந்தால் அது சிவப்பு. 'இ' கட்டம் கொசு கடித்த கை மாதிரி இருந்தது. 'ஆ' கட்டத்தில் தேடித்தான் சிவப்பைப் பார்க்க வேண்டும்.

விளக்கினேன். குரல் முதல் இரண்டு வாக்கியத்துக்கு நடுங்கியது, பிறகு போனில் பேசுகிற குரல் வந்துவிட்டது. ஆள் போய்ச் சேரும் நேரத்தையும் கீழே வைத்திருந்தேன். "இதுல 'ஆ' ரொம்ப மோசம் மேடம். நாலு பேர் முக்கால் மணி உள்ள மாட்டியிருக்காங்க. அதைத் திருத்தியே ஆகணும்."

முதலாளியம்மா முன்னால் குனிந்தார். "புகாரைக் கட்டடத்தை வெச்சு எண்ணினீங்களா, லிஃப்டை வெச்சா?"

சார்ட்டம்மா மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தாள். "லிஃப்டை வெச்சு மேடம். அறுநூத்திப் பன்னிரண்டு வரிக்கு நானே எண் போட்டேன். எதை வேணும்னாலும் தொட்டுப் பாருங்க."

அவர் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார். ஒன்று, இரண்டு, ஏழு லிஃப்டுகள். ஒவ்வொன்றிலும் தேதியும் புகாரும் திறந்தன. ஒன்றில் 'வழக்கம்போல அதேதான்' என்று நான் அடித்ததும் அப்படியே வந்தது. சத்தமாகச் சிரித்தார்.

"மேடம், உங்க வீட்டு லிஃப்ட் நின்னா இந்த நாலுல யாரை அனுப்பச் சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"இவங்களை" என்று 'ஆ' மேல் விரலை வைத்தார். "ஆனா சீக்கிரம் வரச் சொல்லுவேன்." மேனேஜர் பக்கம் திரும்பினார். "ஒரு டீமைக் குறைக்கணும்னா நீங்க எதைச் சொல்லுவீங்க?"

மேனேஜர் திரையைப் பார்த்தார். வேறு வழியில்லை, கண் இருக்கிறதே. "'இ'தான் மேடம்."

நான் ஒரு பொத்தானை அழுத்தினேன். எழுத்துகள் போய்ப் பெயர்கள் வந்தன. 'ஆ' இருந்த இடத்தில் டீம் 2. 'இ' இருந்த இடத்தில் டீம் 1.

எங்கோ கடைசி நாற்காலியில் ஒருத்தர் "அடேங்கப்பா" என்றார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுப் பார்த்தார், பெயர் மாறவில்லை. எனக்குள்ளே மேளம் அடித்தது. அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

முதலாளியம்மா உட்காரவில்லை. "மொத்தம் எத்தனை தடவை திரும்பப் போயிருக்கோம்?"

"இருநூத்தி அறுபத்தொண்ணு மேடம். நம்ம வேலையில கிட்டத்தட்ட கால்வாசி. ஒரு டீமோட மூணு மாச உழைப்பு."

"ஆக, ஆள் அதிகமில்ல, வெட்டி அலைச்சல்தான் அதிகம்" என்றார். "யாரையும் குறைக்க வேணாம். மின்னல் ஆளுங்க ஒரு மாசம் டீம் ரெண்டு கூடப் போகட்டும். டீம் ரெண்டுல ஆள் மாட்டின புகார் வந்தா பாதிப் பேர் உடனே கிளம்பணும், அதை நிதானத்துக்கிட்ட நானே பேசறேன். இனிமே மாசாமாசம் எனக்கு இந்தப் பக்கம்தான் வேணும். அந்தப் பட்டையெல்லாம் வேணாம்." என்னைப் பார்த்தார். "போன் பார்க்கறதோட இதையும் பார்த்துப்பீங்களா? போனுக்குக் கூட ஒரு ஆள் போடறேன்."

"பார்த்துக்கறேன் மேடம்" என்றேன்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். ஏதோ ஒரு கட்டடத்து மொட்டைமாடியில், மோட்டார் ரூமில் இருந்தார்கள். பின்னால் மோட்டார் இரைந்தது.

"என்ன, புகாரா?" என்றார்.

"இல்லைங்க. ஜெயிச்சுட்டேன். டீம் இருக்கு. ஆறு பேரும் இருக்கீங்க."

மோட்டாரை யாரோ நிறுத்தினார்கள். நிறுத்தியது அவராகத்தான் இருக்கும்.

"லேட்டாப் போறதையும் காட்டினியா?"

"காட்டினேன். உங்களுக்கு மேடம்கிட்ட பூசை இருக்கு, தயாரா இருங்க."

வழக்கம்போலத் தண்ணீர் குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். போனைக் காதிலிருந்து எடுத்துப் பிடித்திருக்கிறார் போல. தூரத்திலிருந்து அவர் குரல் கேட்டது. இருபத்து நாலு வருஷத்தில் அந்த மனுஷன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"டேய், எல்லாரும் இங்க வாங்கடா! நாம இருக்கோம்டா! என் பொண்டாட்டி போட்ட சார்ட்டுடா!"

ஐந்து பேர் போட்ட கூச்சலில் போன் கரகரத்தது. யாரோ விசில் அடித்தார்கள், யாரோ அழுதார்கள், எது யார் என்று குரலை வைத்துச் சொல்கிற எனக்கே தெரியவில்லை. கூட்ட அறையிலிருந்து மேனேஜர் வெளியே வந்தார். என் கண்ணில் வழிந்ததை நான் துடைத்துக்கொள்ளவில்லை. அவர்தான் ஒதுங்கி வழிவிட்டுப் போனார்.